டிட்கோவின் ஸ்பைடர்-மேன்: ஆம்னிபஸ், எபிக், மாஸ்டர்வொர்க்ஸ், பழைய இதழ் – எதை வாங்குவது?

எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் மார்வெல் பதிப்பகத்துக்காகச் சேர்ந்து செய்த ஸ்பைடர்-மேன் காமிக்ஸ் அளவில் சின்ன சரக்குதான். 1962இல் அமேசிங் ஃபேன்டசி 15ஆம் இதழில் 11 பக்கக் கதை ஒன்று. பிறகு 1963 மார்ச் தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்-மேன் முதல் இதழிலிருந்து 1966 ஜூலை தேதியிட்ட 38ஆம் இதழ் வரை. கூடவே இரண்டு ஆண்டு மலர்கள். மொத்தம் 41 புத்தகம். இந்த 41ஐ வாங்க இன்று ஏழெட்டு வழி இருக்கிறது. பல பேர் தப்பான வழியில் முதல் பணத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

(லயன் காமிக்ஸில் ‘ஸ்பைடர்’ படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர், வேறு ஆள். இரும்புக்கை மாயாவியும் அந்தக் கரைதான். இங்கே பேசுவது ஸ்பைடர்-மேன் முகமூடிக்குள் இருக்கும் நியூயார்க்கின் பீட்டர் பார்க்கரை.)

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். படிக்க வாங்குகிறோமா, சேர்க்க வாங்குகிறோமா? ஒரே பணத்தில் இரண்டும் நடக்காது. படிக்கச் சிறந்த பிரதிக்கு மறுவிற்பனை மதிப்பு பெரிதாக இல்லை. சேர்க்கத் தகுந்த பிரதியைத் தலைமாட்டில் வைத்துப் படிக்க மனசு வராது.

படிக்க

ஆம்னிபஸ் முதல் தொகுதி 2007இல் வந்தது, பிறகு பலமுறை மறுபதிப்பானது. அமேசிங் ஃபேன்டசி 15உம் 38 இதழ்களும் ஆண்டு மலர் இரண்டும் ஒரே கெட்டி அட்டைக்குள், ஆயிரம் பக்கத்துக்கு மேல். தைத்த பைண்டிங் என்பதால் நடுவில் விரித்தால் தட்டையாகக் கிடக்கும், உள்விளிம்பில் படம் முழுங்காது. இதன் தனிப்பெருமை வாசகர் கடிதப் பக்கங்கள். 1960களின் மார்வெலில் பாதி ருசி அந்தக் கடிதங்களிலும் லீ அவற்றுக்குக் கொடுத்த பதில்களிலும் இருக்கிறது; மலிவுத் தொகுப்புகளில் அது கிடைக்காது.

குறை, எடைதான். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, பயணத்தில் தூக்க முடியாது, மேஜை வேண்டும். அலமாரியில் சாய்த்து வைத்தால் ஒரு வருஷத்தில் பக்கக்கட்டு அட்டையிலிருந்து கீழே தொங்க ஆரம்பிக்கும். நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் வேறு புத்தகங்களால் அணைகொடுக்க வேண்டும். இடமிருந்தால் படுக்க வைப்பது இன்னும் நல்லது. வாங்கிய அன்றே நடுவில் பிளந்து திறக்கவும் கூடாது. முன்னாலிருந்து இருபது முப்பது தாள், பின்னாலிருந்து இருபது முப்பது தாள் என்று மாற்றி மாற்றி அழுத்தி விட்டுக்கொண்டே நடுவுக்கு வந்தால் முதுகு ஒரே சீராக இளகும்.

எபிக் கலெக்ஷன் காகித அட்டைப் பதிப்பு. முதல் தொகுதியில் அமேசிங் ஃபேன்டசி 15, இதழ் 1 முதல் 17 வரை, முதல் ஆண்டு மலர். இரண்டாம் தொகுதியில் 18 முதல் 38 வரை, இரண்டாம் ஆண்டு மலர். டிட்கோ விலகிய இடத்தில் இரண்டாம் தொகுதி கச்சிதமாக முடிகிறது. இரண்டும் சேர்ந்தாலும் விலை ஆம்னிபஸ்ஸுக்குக் கீழேதான் நிற்கும். பசை பைண்டிங், முதல் வாசிப்பில் முதுகில் கோடு விழும், விழட்டும். ஒரு எச்சரிக்கை: எபிக் தொகுதிகள் வரிசைப்படி வெளியாவதில்லை. முதுகிலுள்ள எண் கதை வரிசையைச் சொல்கிறது, வெளியான வரிசையை இல்லை. அடுத்தடுத்த எண் கடையில் இல்லாவிட்டால் அது இன்னும் வரவில்லை அல்லது தீர்ந்துவிட்டது என்று பொருள். தீர்ந்ததை மறுவிற்பனையாளரிடம் அட்டை விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்து வாங்க வேண்டாம். ஸ்பைடர்-மேன் மாதிரி ஓடுகிற தலைப்பு மறுபதிப்பாகிக்கொண்டே இருக்கும்.

மாஸ்டர்வொர்க்ஸ் 1987இல் தொடங்கிய வரிசை. தொகுதிக்குச் சுமார் பத்து இதழ் கணக்கு: முதல் தொகுதியில் 1 முதல் 10, இரண்டில் 11 முதல் 19, மூன்றில் 20 முதல் 30, நான்கில் 31 முதல் 40. கவனியுங்கள், நான்காம் தொகுதி டிட்கோவைத் தாண்டி, அடுத்து வந்த ஓவியர் ஜான் ரொமிட்டாவின் முதல் இரண்டு இதழ்களையும் அள்ளிக்கொண்டு போகிறது. கதை வாசகருக்கு அது லாபம், ஏனென்றால் முகமூடி வில்லன் கிரீன் காப்ளின் யாரென்று 39, 40இல்தான் தெரிகிறது. டிட்கோவுக்காகவே வாங்குகிறவருக்குக் கையெழுத்து பாதியில் மாறின மாதிரி இருக்கும். நாலு கெட்டி அட்டைக்கான செலவை நியாயப்படுத்த, அலமாரி அழகைத் தவிர வேறு காரணம் கிடைப்பது கஷ்டம்.

அதே பொருளைச் சின்ன அளவில் தருகிறது மைட்டி மார்வெல் மாஸ்டர்வொர்க்ஸ். 6க்கு 9 அங்குலம், 2021இல் வர ஆரம்பித்தது. விலை குறைவு, குழந்தை கைக்கு அடக்கம். ஆனால் டிட்கோ ஒரு பக்கத்தில் ஒன்பது கட்டம் போடுகிறவர், லீ அந்த ஒன்பதிலும் பேச்சுக்குமிழைத் திணிக்கிறவர். இரண்டையும் சுருக்கினால் நாற்பது வயதுக் கண்ணுக்கு அது மருந்துச்சீட்டு.

பழைய எசென்ஷியல் வரிசை கறுப்பு வெள்ளை. முதல் தொகுதியில் 20ஆம் இதழ் வரை இருக்கும். இப்போது அச்சில் இல்லை, பழைய புத்தகக் கடையில் தட்டுப்பட்டால் விடாதீர்கள். காகிதம் மட்டம், நிறம் கிடையாது. ஆனால் டிட்கோவின் மைக்கோடு, அந்த வளைந்த விரல்கள், முகத்தில் பாதி விழும் நிழல், எல்லாம் நிறத்தின் தொந்தரவில்லாமல் தெரிவது இதில்தான். ஓவியம் கற்கிறவருக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது உபயோகம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூல இதழ்கள் மட்டமான செய்தித்தாள் காகிதத்தில், புள்ளி புள்ளியாக நான்கு மையில் அச்சானவை. காகிதம் மையை உறிஞ்சும், சிவப்பு அடங்கிப்போகும். அதே நிற அளவுகளை வெள்ளைப் பளபளப்புத் தாளில் போட்டால் சிவப்பும் நீலமும் கண்ணைக் குத்தும். தொகுப்புகளைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பங்கு இதுதான். அச்சுப்பிழை இல்லை, தாளின் குணம். வாங்கும் முன் மாதிரிப் பக்கத்தில் தாள் பளபளப்பா, மங்கலா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

திரையில்

மார்வெல் அன்லிமிடெட் சந்தாவில் இந்த 41ம் கிடைக்கும், இன்னும் முப்பதாயிரம் சொச்சம் இதழ்களும் கிடைக்கும். பணத்துக்கு இதை அடிக்க எதுவும் கிடையாது. சந்தா நின்றால் புத்தகமும் போய்விடும் என்பது தெரிந்த விஷயம். அதைவிட முக்கியமான குறை, பேனல் பேனலாக, அதாவது ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் முறை.

33ஆம் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். இடிந்து விழுந்த எந்திரத்தின் அடியில் ஸ்பைடர்-மேன் மாட்டிக்கிடக்கிறான், மே அத்தைக்கான மருந்து எட்டாத தூரத்தில் இருக்கிறது, தண்ணீர் ஏறுகிறது. டிட்கோ அவனைச் சிறு சிறு கட்டங்களில் அடைத்து வைக்கிறார். அவன் முயல முயலக் கட்டம் பெரிதாகிறது. கடைசியில் எந்திரத்தைத் தூக்கும்போது பக்கம் முழுவதும் ஒரே படம். அந்த விடுதலையைத் தருவது கட்டத்தின் அளவு. பேனல் முறையில் சின்னக் கட்டமும் திரை முழுக்க வரும், முழுப்பக்கமும் திரை முழுக்க வரும். எல்லாம் ஒரே அளவு, காட்சி செத்துப்போகும். கைப்பேசி வேண்டாம், பத்து அங்குலத்துக்குக் குறையாத டேப்லெட்டில் முழுப்பக்கமாக வைத்துப் படியுங்கள்.

சேர்க்க

முதலில் மலிவு மாற்று. மார்வெல் டேல்ஸ் என்ற மறுபதிப்பு இதழ் 1982இல் 137ஆம் எண்ணில் அமேசிங் ஃபேன்டசி 15ஐப் போட்டு, 138இல் முதல் இதழ், பிறகு வரிசையாக என்று போனது. செய்தித்தாள் காகிதம், பின் அடித்த இதழ், பழைய வாசனை, எல்லாம் உண்டு. மூலத்தின் விலையோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. புதிதாக வரும் ஃபேக்சிமிலி பதிப்புகள் பழைய விளம்பரங்களையும் சேர்த்து அச்சிடுகின்றன, ஆனால் தாள் இன்றைய தாள். இரண்டில் எது என்றால் மார்வெல் டேல்ஸ்.

மூல இதழ்களில் எல்லா எண்ணும் ஒரே விலை இல்லை. அமேசிங் ஃபேன்டசி 15இன் 9.6 கிரேடு (பத்துக்கு இத்தனை என்று இதழின் நிலைக்குப் போடும் மதிப்பெண்) பிரதி ஒன்று 2021இல் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பக்கம் போக வேண்டாம். 14இல் கிரீன் காப்ளின், 31இல் பீட்டரின் காதலியாகப்போகும் க்வென் ஸ்டேசி, இருவருக்கும் முதல் வருகை, அதனால் விலை ஏறும். 28ஆம் இதழின் அட்டை முழுக்கக் கறுப்பு. விரல் பட்டாலே வெள்ளைக் கோடு தெரியும் என்பதால் நல்ல நிலையில் கிடைப்பது அபூர்வம். பெரிய முதல் வருகை இல்லாத பிந்தைய எண்கள், 2.0இலிருந்து 4.0 வரையிலான கிரேடில், சம்பளக்காரர் எட்டக்கூடிய இடம். முழுமையாக இருக்கும் 3.0 பிரதி, பக்கம் வெட்டிய ‘அழகான’ பிரதியைவிட நூறு மடங்கு மேல்.

பார்க்க வேண்டியவை: உள்ளே 32 பக்கம், அதாவது எட்டுத் தாள் மடித்தது. எண்ணிப் பார்க்க வேண்டும். விளம்பரக் கூப்பனைக் கத்தரித்திருப்பார்கள். முதல் ஆண்டு மலரில் வில்லன்களின் முழுப்பக்கப் படங்களைக் கிழித்துச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். நடுத்தாள் பின்னிலிருந்து கழன்றிருக்கிறதா? பின் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றிருக்கிறதா? அட்டையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். முதுகோரம் மை ஊறிய கறை இருந்தால் வெளியே யாரோ பேனாவால் நிறம் பூசியிருக்கிறார்கள். அது ரெஸ்டோரேஷன், விலை பாதாளத்துக்குப் போகும். வலது விளிம்பில் சின்னச் சின்னதாக உதிர்ந்திருப்பது வேறு கதை. மழுங்கிய வெட்டுக்கத்தியால் அச்சகத்திலேயே வந்த குறை, அந்தக் கால மார்வெலில் சகஜம். விளிம்பு சந்தேகத்துக்கிடமாகக் கூர்மையாக, ரேஸர் போட்ட மாதிரி இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

முதல் இதழ் சல்லிசாக வருகிறதென்றால் அட்டையில் 12 சென்ட் விலை இருக்கிறதா என்று பாருங்கள். 1966இல் இசைத்தட்டோடு சேர்த்து விற்ற கோல்டன் ரெக்கார்ட் மறுபதிப்பில் விலை அச்சாகவில்லை. விலை சென்ட்டுக்குப் பதில் பிரிட்டிஷ் பென்ஸ் நாணயத்தில் அச்சாகியிருந்தால் அது மறுபதிப்பு இல்லை; பிரிட்டனுக்கென்று அமெரிக்காவில் ஒரே ஓட்டத்தில் அச்சானது, முதல் பதிப்புதான். பல நேரம் விலை கொஞ்சம் இறங்கிக் கிடைக்கும்.

ஸ்லாப் போட்டதா, போடாததா?

சி.ஜி.சி. என்ற மதிப்பீட்டு நிறுவனம் 2000இல் வந்தது. இதழைப் பத்துப் புள்ளி அளவில் மதிப்பிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுக்கும்; அந்த உறைதான் ஸ்லாப். நீல லேபிள் சாதாரணம், ஊதா ரெஸ்டோரேஷன் செய்தது, பச்சை ஒரு குறிப்பிட்ட குறையோடு, மஞ்சள் சாட்சி முன்னால் கையெழுத்து வாங்கியது. அடைத்ததைப் படிக்க முடியாது. விலை உயர்ந்த எண்களுக்கு ஸ்லாப் நியாயம்: நிறம் பூசியதா, பக்கம் குறைகிறதா என்ற சண்டையை ஒரு லேபிள் முடித்துவைக்கும். தொலைவிலிருந்து வாங்குகிறவருக்கு அது காப்பீடு. வாங்கும் முன் சான்றிதழ் எண்ணை அவர்கள் தளத்தில் தேடுங்கள். படம் இருந்தால் ஒவ்வொரு மடிப்பும் பொருந்துகிறதா என்று பாருங்கள், உறையின் ஓரத்தில் பிளந்து ஒட்டிய தடம் இருக்கிறதா என்றும். 3.0இல் இருக்கும் 36ஆம் இதழை ஸ்லாபுக்கு அனுப்புவது மட்டும் வேண்டாத வேலை. கட்டணம், போக வரத் தபால், காப்பீடு எல்லாம் சேர்ந்தால் இதழின் விலையில் பெரிய பங்கைத் தின்றுவிடும்.

ஸ்லாப் இல்லாதவற்றுக்கு மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறையும், இதழுக்குப் பின்னால் வைக்கும் அமிலமற்ற தாங்கு அட்டையும் போதும். 1960களின் இதழ் இன்றையதைவிட அகலம். இன்றைய இதழுக்கான உறையில் திணித்தால் ஓரம் மடங்கும்; ‘சில்வர்’ அளவு கேட்டு வாங்க வேண்டும், உறை 7⅛ அங்குலம், அட்டை 7 அங்குலம். தாங்கு அட்டையின் பூச்சுள்ள வழவழப்புப் பக்கம் இதழைத் தொட வேண்டும். பாலிப்ராப்பிலீன் உறை மலிவு, ஆனால் சில வருஷத்தில் அலையலையாக நெளியும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி ஈரக்காற்று ஊர்களில் மழைக்காலத்தில் உறையின் வாயை டேப் போட்டு இறுக்க வேண்டாம். மடித்து உள்ளே செருகினால் போதும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம், சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, தரையிலிருந்து தூக்கி. டேப்புக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: இதழை வெளியே எடுக்கும்போது பசை இதழின் அட்டையில் ஒட்டி, அறுபது வருஷம் தாங்கிய மையை அரை நொடியில் உரித்துக்கொண்டு வரும்.