எம்.எஸ். பார்வைக்கு எடுத்த ஸ்கேன்கள்: எதற்கு எது உதவியது

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், மூளை, தண்டுவடம், பார்வை நரம்பின் உறையை உடம்பே தாக்கும் நோய்) என்றாலே எல்லாரும் எம்.ஆர்.ஐ. பற்றித்தான் பேசுகிறார்கள். பல வருடம் எல்லா மிஷினிலும் தலையைக் கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கண் விஷயத்தில் எனக்கு அதிகம் உதவியது ஒளியால் விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி.தான்.

கண்ணை உருட்டினால் வலி, சிவப்பு வெளுத்துத் தெரிந்தது, பார்வை நரம்பு அழற்சி என்றார்கள். அப்போது எம்.ஆர்.ஐ. அவசியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூளைக்கு மட்டும் எழுதிக்கொடுத்தால் கண்குழிக்கும் சேர்த்து வேண்டுமா என்று கேளுங்கள், அதிலும் கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி காண்ட்ராஸ்ட் ஊசியோடு எடுத்தால்தான் வீங்கிய நரம்பு தெளிவாகத் தெரியும், இல்லையென்றால் சுற்றியுள்ள கொழுப்பின் வெள்ளையில் அது மறைந்துவிடும். மூளைப் படம் சொல்வது வேறு சேதி. இந்த அழற்சி வந்தவர்களை அமெரிக்காவில் 15 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், முதல் ஸ்கேனில் ஒரு புள்ளிகூட (மூளையில் புண் இருப்பதற்கான அடையாளம்) இல்லாதவர்களில் 25 சதவீதம் பேருக்கும், ஒன்றாவது இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கும் பிறகு எம்.எஸ். வந்தது.

வி.ஈ.பி., அதாவது கண் பார்த்த சேதி மூளைக்குப் போய்ச் சேரும் நேரத்தை அளப்பது, எனக்குப் பிடிக்காத டெஸ்ட். மண்டையில் பசை தடவி ஒயர் ஒட்டி, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறிக்கொண்டே இருப்பதை உட்கார்ந்து முறைக்க வேண்டும், வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தாலும் பசை போகாது. ஆனாலும் பொய் சொல்லாது. சுமார் 100 மில்லிசெகண்டில் பின்மண்டையில் எழ வேண்டிய அலை, நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை உரிந்திருந்தால் தாமதமாக வரும். எனக்குப் பார்வை தேறி, போர்டில் கடைசி வரி வரை படித்த பிறகும் அந்தத் தாமதம் அப்படியே நின்றது.

அப்புறம் ஓ.சி.டி. ஊசி இல்லை, சத்தம் இல்லை, சில நிமிடத்தில் விழித்திரை அடுக்குகளின் தடிமன் மைக்ரான் கணக்கில் வந்துவிடும். அழற்சி சூட்டோடு எடுத்தால் வீக்கத்தால் நரம்பிழை அடுக்கு தடித்தே காட்டும், உண்மையான மெலிவு தெரியச் சில மாதம் ஆகும். ஸ்பெக்ட்ராலிஸ், சிரஸ் என்று ஓ.சி.டி. மிஷின்கள் பல உண்டு, ஒன்றில் வந்த எண்ணை மற்றதில் வந்ததோடு ஒப்பிடக் கூடாது, அதனால் முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். அழற்சியே வராத என் இடது கண்ணிலும் லேசான மெலிவு இருந்தது. மூளைக்குள் பார்வைப் பாதை போகும் இடத்தில் புண் இருந்தால் அதன் பாதிப்பு பின்னோக்கி விழித்திரை வரை வரலாம் என்று நியூரோ டாக்டர் பழைய எம்.ஆர்.ஐ.யை வைத்து விளக்கினார். ‘புதிய புள்ளி இல்லை’ என்ற ரிப்போர்ட்டை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. எம்.எஸ்.ஸா என்று டாக்டர்கள் உறுதிசெய்யப் பயன்படுத்தும், 2024-இல் திருத்திய மெக்டொனால்ட் விதிகளில் பார்வை நரம்பையும் சேர்த்து, ஓ.சி.டி., வி.ஈ.பி. முடிவுகளையும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ரொம்ப தாமதம்தான், போகட்டும்.

வெயிலில் நடந்தால் மங்கி, உடம்பு குளிர்ந்ததும் தெளிகிற பார்வையை மட்டும் எந்தப் படமும் பிடிக்கவில்லை, அதை டாக்டரிடம் வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். ஃபிலிமோடு படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள், அடுத்த முறை ஒப்பிட அதுதான் உதவும்.