கோட்டையா, புறக்கோட்டையா? பழைய கொழும்பை யாருடன் நடந்து பார்ப்பது?

ரொறன்ரோவில் இருந்து வந்த தங்கை குடும்பத்துக்காக ஒரே வாரத்தில் மூன்று முறை பழைய கொழும்பை நடந்து பார்த்தேன். இரண்டு முறை காசு கொடுத்து வழிகாட்டியுடன், ஒரு முறை மாமாவுடன். பிறந்து வளர்ந்த ஊரை இன்னொருவர் பின்னால் போய்ப் பார்ப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் எது யாருக்குச் சரிவரும் என்று இப்போது சொல்லமுடியும்.

முதலில் கோட்டை. வசதி என்று பார்த்தால் இதை மிஞ்ச ஆளில்லை. அகலமான நடைபாதை, கட்டட நிழல், கடைசியில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி முற்றத்தில் ஏதாவது குளிராகக் குடிக்கலாம். நடுச்சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தில் பிள்ளைகள் சொக்கிப்போனார்கள். 1857-இல் கட்டியது. ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி வரைந்த வடிவமாம். பிறகு அதன் தலையிலேயே கலங்கரை விளக்கையும் ஏற்றினார்கள். சுற்றியுள்ள கட்டடங்கள் வளர்ந்து வெளிச்சத்தை மறைத்ததால் 1952-இல் விளக்கை அணைத்துவிட்டார்கள். இந்தக் கதையை வழிகாட்டி அருமையாகச் சொன்னார். கோட்டை என்று பெயர்தான், மதிலை வெள்ளைக்காரன் 1870-ஐ ஒட்டி இடித்துத் தள்ளிவிட்டான். மிச்சமிருக்கும் டெல்ஃப்ட் வாசலை ஒரு வங்கி வளவுக்குள் தேடிப் பார்க்க வேண்டும். அதையும் மறக்காமல் காட்டினார்.

ஆனால் மத்திய வங்கியைக் கடக்கும்போது அவர் பேச்சு வானிலைக்குத் தாவியது. 1996 ஜனவரி 31 குண்டுவெடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியும் அன்று சேதப்பட்டது. 2011-இல் சாப்பாட்டுக் கடைகளோடு திறந்தபோதுதான் அது இந்த முகத்தைப் பெற்றது. விருந்தாளியைக் கலவரப்படுத்தக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. கேட்டவன் கொழும்பான் என்பதால் எனக்கு உறுத்தியது.

புறக்கோட்டை வேறு உலகம். இங்கே நடைபாதை என்பது கடை விரிப்பதற்கு. சுமை தூக்கும் நாட்டாமிமார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் வரலாறாவது மண்ணாவது, சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சீமாட்டிச் செருப்போடு வந்த தங்கை பாதியிலேயே ஒரு சோடி ரப்பர் செருப்பு வாங்கினாள். அப்படியும் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் இதைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: வழிகாட்டிக்கு ஆங்கிலப் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது.

ஏனென்றால் இந்தப் பக்கத்தின் வரலாறு முக்கால்வாசி பெயரில்தான் கிடக்கிறது. ஆங்கிலத்தில் 'பெட்டா' என்பது நம்முடைய 'பேட்டை'. நாமோ அதை விட்டுவிட்டுப் புறக்கோட்டை என்கிறோம். சிங்களத்திலும் அதே பொருளில் பிட்டகொட்டுவ. எங்கள் வழிகாட்டி 'சீ ஸ்ட்ரீட்' என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் கடல் இருப்பதால் வந்த பெயர் என்று முடித்துக்கொண்டார். அது நமக்குச் செட்டியார் தெரு, சிங்களவருக்கு ஹெட்டி வீதிய. அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், செட்டிமாரின் கதிரேசன் கோயில் ஏன் அங்கே இருக்கிறது, ஆடிவேல் விழா ரதம் ஏன் அங்கிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகிறது என்று தனியாக விளக்கவே தேவையில்லை. இரண்டாம் குறுக்குத்தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் பள்ளிவாசலும் அப்படித்தான். 1908-இல் கட்டத் தொடங்கியது என்றார், படம் எடுக்கச் சொன்னார், நகர்ந்தார். அதைக் கட்டிய இந்திய முஸ்லிம் வியாபாரிகளைச் சம்மான்காரர் என்பார்கள், அதனால் அது சம்மாங்கோட்டுப் பள்ளி என்பது மாமா சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பிரின்ஸ் வீதி ஒல்லாந்தர் நூதனசாலையில் அந்த வழிகாட்டி வெளுத்துக்கட்டினார். ஆளுநர் மாளிகை எப்படித் தபால் கந்தோராகி, 1982-இல் நூதனசாலை ஆனது என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் மாமா. மெயின் வீதியில் ஒரு புடவைக் கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். ஆண்டு கேட்டால் ஆபத்து: மணிக்கூட்டுக் கோபுரத்தையும் ஒல்லாந்தர் தலையில் கட்டிவிட்டார். நூறு யார் தூரம் நடந்தால் ஒரு பிளேன்டீ குடித்தாக வேண்டும். ஆனால் செட்டியார் தெருவில் ஒரு நகைப் பட்டறை வாசலில் அவர் எங்களை நிறுத்தினார். ஒருவர் குந்தியிருந்து சின்னத் தூரிகையால் படிக்கட்டுத் தூசியைக் கூட்டித் தகரத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். "குப்பை இல்லை பிள்ளை, அரத்தூளோடு பொன்னும் கிடக்கும். கழுவி எடுப்பான்," என்றார் மாமா. மருமகள் அசையாமல் பத்து நிமிடம் பார்த்தாள். இன்னொரு கடை முன்னால், "எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் இந்த வரிசை எரிந்தது, நான் பின்கதவால் ஓடினேன்," என்றவர் அதற்குமேல் எதுவும் சொல்லாமல் தெருவைக் கடந்தார். எந்த நிறுவனத்தின் நடையிலும் இது கிடைக்காது.

கொம்பனித்தெரு நடையும் விற்கிறார்கள். 'ஸ்லேவ் ஐலண்ட்' என்ற பழைய ஆங்கிலப் பெயரில் அடிமைகள், தமிழ்ப் பெயரில் கொம்பனி. அது ஒன்றே ஒரு மணி நேரம் பேசப் போதும். பள்ளிவாசலும் கியூ வீதி முருகன் கோயிலும் இருக்கின்றன. ஆனால் பழைய சொய்சா கட்டடம் போய்விட்டது, மற்றதையும் கோபுரக் குடியிருப்புகள் விழுங்கிக்கொண்டு வருகின்றன. முதல்முறை வருபவருக்கு நான் சொல்லமாட்டேன்.

நேரம் முக்கியம். கோட்டைக்கு மாலை நாலரைக்குப் பிறகு போனால் வெயில் தணிந்திருக்கும். ஜனாதிபதி மாளிகைப் பக்கம் மட்டும் கமராவை நீட்டவேண்டாம். புறக்கோட்டைக்கு வேலைநாள் காலை எட்டு மணி. ஞாயிறு போனால் கட்டடம் நன்றாகத் தெரியும், ஆனால் பாதிக் கடை பூட்டிக்கிடக்கும், சந்தடி இல்லாத புறக்கோட்டையைப் பார்த்து என்ன செய்வது? கால் தாங்குமென்றால் ஆதிருப்பள்ளித் தெருவில் ஏறுங்கள். ஒல்லாந்தர் 1757-இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம் அங்கே இருக்கிறது. ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று அர்த்தம். இலங்கையில் ஓநாயே கிடையாது, நரியைப் பார்த்துத்தான் மிரண்டிருக்க வேண்டும்.

டிசம்பரில் லண்டன் கூட்டம் வருகிறது. கோட்டைக்கு வழிகாட்டி, செட்டியார் தெருவுக்கு மாமா என்று பேசிவைத்திருக்கிறோம். மாமா இப்போதே முழங்காலுக்குத் தைலம் தேய்க்கத் தொடங்கிவிட்டார்.