மந்தநிலையில் வங்கி விற்கும் நாலு சரக்கு: எஃப்டி, டியர்-2, ஏடி-1, பங்கு

பொருளாதாரம் படுத்துக் கிடக்கும் காலத்தில் எஃப்டி வட்டி இறங்கும். உடனே கிளையில் ஒரு காகிதம் மேசைக்கு வரும்: "எஃப்டியைவிட ரெண்டு பர்சென்ட் கூட, அதே பேங்க்தான் சார்." இன்னொரு பக்கம் அந்த வங்கியின் பங்கு பாதி விலைக்கு வந்திருக்கும். "புக் வேல்யூவுக்குக் கீழே கிடைக்குது, அள்ளிப் போடுங்க" என்று வாட்ஸ்அப் குழுக்களில் பரிந்துரை சுற்றும். புக் வேல்யூ என்பது கணக்கேட்டின்படி ஒரு பங்குக்கு உள்ள வங்கியின் சொந்த மூலதனம்.

வங்கி ஒன்றுதான். ஆனால் அது நமக்கு விற்கும் சரக்கு நாலு. வங்கி சாயும்போது அந்த நாலுக்கும் நாலு கதி. இந்த மதிப்பீடு வட்டியை வைத்துப் போட்டதல்ல, சாயும் நாளில் கையில் என்ன மிஞ்சும் என்பதை வைத்துப் போட்டது. அதற்கு 2020-ஐவிட நல்ல சோதனை ஆண்டு கிடையாது. மார்ச் 5 அன்று யெஸ் வங்கியும், நவம்பர் 17 அன்று கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியும் முடக்கத்துக்குள் போயின, அதாவது டெபாசிட்காரர் எடுக்கும் பணத்துக்கு வரம்பு விழுந்தது.

ஏடி-1 கடன்பத்திரம்

வங்கி தன் மூலதனத்தைப் பெருக்க வெளியிடும் ஒரு வகைக் கடன்பத்திரம் இது. நாலில் மோசமான சரக்கு இதுதான். தனிநபர் தொடவே கூடாது.

அதன் நிபந்தனைத் தாளை (டெர்ம் ஷீட்) கையில் எடுத்தால் முதல் பக்கத்திலேயே எல்லாம் இருக்கும். முதிர்வு என்ற கட்டத்தில் தேதி இருக்காது, 'நிரந்தரம்' என்று இருக்கும். அதற்குக் கீழே 'கால் ஆப்ஷன்: 5 ஆண்டுகளுக்குப் பிறகு'. விற்பவர் இதைத்தான் "அஞ்சு வருஷத்தில் பணம் வந்துடும்" என்று சொல்வார். அந்த உரிமை வங்கியுடையது, நம்முடையது அல்ல. வங்கி விரும்பினால் திருப்பித் தரும், விரும்பாவிட்டால் தராது. கூப்பன் (வட்டி) கட்டத்தில் 'வங்கியின் விருப்பத்துக்கு உட்பட்டது, சேர்ந்துகொண்டு வராது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதாவது ஒரு வருடம் வட்டி கொடுக்காமல் விட்டால் அது போனதுதான், பாக்கி என்று பிறகு கேட்க முடியாது. கடைசியாகத் தள்ளுபடி விதி. வங்கியின் அடிப்படை மூலதன விகிதம் 6.125 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, வங்கி இனித் தானாக நிற்காது என்று ரிசர்வ் வங்கி தீர்மானித்தாலோ, அசலையே எழுதித் தள்ளலாம். நல்ல காலத்தில் இந்த வரி தூங்கிக்கொண்டிருக்கும். மந்தநிலையில்தான் கண் விழிக்கும்.

யெஸ் வங்கி இப்படி இரண்டு வெளியீடு வைத்திருந்தது: 2016-ல் 9.5 சதவீதத்துக்கு 3,000 கோடி, 2017-ல் 9 சதவீதத்துக்கு 5,415 கோடி. மொத்தம் 8,415 கோடி ரூபாய். 2020 மார்ச்சில் முழுக்கப் பூஜ்யம். இதில் தனிநபர்கள் எப்படி மாட்டினார்கள் என்பதை பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2021 ஏப்ரல் உத்தரவு விரிவாகப் பதிவுசெய்திருக்கிறது. 1,346 தனிநபர்கள் சுமார் 679 கோடி போட்டிருந்தார்கள், சராசரியாகத் தலைக்கு 50 லட்சம். அவர்களில் 1,311 பேர் அந்த வங்கியின் வாடிக்கையாளர்களே. 277 பேர் எஃப்டியை முன்கூட்டியே உடைத்து 80 கோடியை இதில் கொட்டியிருந்தார்கள். இது 'சூப்பர் எஃப்டி' என்ற பெயரில் விற்கப்பட்டது என்கிறது அந்த உத்தரவு. 25 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அதற்குத் தடை வந்தது. தள்ளுபடியையே 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் அந்தத் தீர்ப்புக்கும் தடை. ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டவர்களுக்கு நீதிமன்றப் படிதான் மிச்சம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் நஷ்டம் முதலில் பங்குதாரர் தலையில் விழும், பிறகுதான் பத்திரக்காரர் தலையில். யெஸ் வங்கியில் அது தலைகீழாக நடந்தது. பங்குதாரர் தேய்ந்துபோனாலும் உயிரோடு இருந்தார், ஏடி-1 வைத்திருந்தவர் துடைக்கப்பட்டார். 2023 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ்ஸிலும் இதுவே நடந்தது. சுமார் 1,600 கோடி ஃபிராங்க் மதிப்புள்ள ஏடி-1 பூஜ்யமானது, பங்குதாரருக்கோ அதை வாங்கிய யூபிஎஸ் வங்கியின் பங்குகள் கிடைத்தன. ஆகவே "பங்கைவிட இது பாதுகாப்பு" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம்.

2020 அக்டோபரில் செபி ஏடி-1 முதலீட்டின் குறைந்தபட்ச அளவை ஒரு கோடி ரூபாய் ஆக்கிவிட்டது. இருந்தாலும் கிளையில் யாராவது 'டெபாசிட்' என்று எதையாவது நீட்டினால் ஒரே ஒரு சோதனை போதும். டிமேட் கணக்கு (பங்கும் பத்திரமும் வைக்கும் கணக்கு) எண் கேட்கிறார்களா? கேட்டால் அது எஃப்டி இல்லை. எஃப்டிக்கு ரசீது வரும், நெட்பேங்கிங்கில் டெபாசிட் பக்கத்தில் தெரியும். பத்திரத்துக்கு 'ஐஎன்இ' என்று தொடங்கும் ஐசின் (பத்திர அடையாள) எண் இருக்கும்.

டியர்-2 கடன்பத்திரம்

இதுவும் வங்கி மூலதனத்துக்காக வெளியிடும் கடன்பத்திரம்தான். ஆனால் இதற்கு முதிர்வுத் தேதி உண்டு, வட்டியை வங்கி தன் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. ஏடி-1-ஐவிட ஒரு படி மேல். "டியர்-2 வரைக்கும் கை வைக்க மாட்டார்கள்" என்ற நம்பிக்கை 2020 நவம்பர் வரை சந்தையில் இருந்தது. லட்சுமி விலாஸ் வங்கியின் 318.20 கோடி ரூபாய் டியர்-2 பத்திரங்களை, டிபிஎஸ் வங்கியோடு இணைப்பதற்கு முன் முழுசாக எழுதித் தள்ளியதோடு அது முடிந்தது. பெரிய வங்கியின் டியர்-2 என்றால் பரிசீலிக்கலாம். மூலதனம் தேய்ந்த சின்ன வங்கியுடையது என்றால் கூடுதலாகக் கிடைக்கும் ஒன்றரை சதவீதத்துக்கு அசலைப் பணயம் வைப்பது கணக்குக்கு ஒத்துவராது.

பங்கு

'புக் வேல்யூவில் பாதி' என்ற வாதத்தைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். வங்கி 100 ரூபாய் கடன் கொடுத்திருக்கிறது என்று வைப்போம். அதில் 92 ரூபாய் டெபாசிட்காரர் பணம், 8 ரூபாய் சொந்த மூலதனம். பங்கு 4 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாதி விலை என்று வாங்குகிறோம். மந்தநிலையில் 10 ரூபாய் கடன் வாராக்கடனாகி, பாதிதான் திரும்புகிறது. நஷ்டம் 5. இப்போது மூலதனம் 3. மூன்று ரூபாய்ப் பொருளுக்கு நாம் கொடுத்தது நாலு. சிமெண்ட் கம்பெனியில் சொத்தில் 5 சதவீதம் போனால் அது ஒரு மோசமான வருடம், அவ்வளவுதான். வங்கியில் அதே 5 சதவீதம் பங்குதாரரின் பணத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

கதை அதோடு முடிவதில்லை. குழியை நிரப்பப் புதுப் பங்குகளை அடிமாட்டு விலைக்கு வெளியிடுவார்கள். யெஸ் வங்கியில் மீட்புக்கு முன் இருந்த பங்குகள் சுமார் 255 கோடி. ஸ்டேட் வங்கியும் மற்ற வங்கிகளும் 10 ரூபாய்க்கு வாங்கியபோது 1,255 கோடி. 2020 ஜூலையில் 12 ரூபாய்க்கு எஃப்பிஓ (பொதுமக்களுக்கு மறுபடி பங்கு வெளியீடு) வந்தபின் 2,505 கோடி. வங்கியில் பழைய பங்குதாரர்களின் உரிமை பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. வங்கி பிழைத்துக்கொண்டது உண்மை. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்ட விலை அதனால் திரும்பி வராது. விலை விழ விழ மேலும் வாங்கி 'ஆவரேஜ்' செய்துகொண்டே போனவர்கள் இந்த ஒரு கணக்கைத்தான் போடாமல் விட்டார்கள். போதாததற்கு, 100 பங்கோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களுக்கு 75 சதவீதப் பங்குகள் மூன்று வருடம் பூட்டி வைக்கப்பட்டன.

லட்சுமி விலாஸ் பங்குதாரருக்கு அதுவும் இல்லை. முடக்கம் அறிவித்த அன்று 15 ரூபாய்க்கு மேல் முடிந்த பங்கு, 2020 நவம்பர் 27 அன்று இணைப்பு நடைமுறைக்கு வந்ததும் சட்டப்படி ரத்தானது. மாற்றுப் பங்கு ஒன்றுகூடக் கிடையாது. கரூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தலைமுறையாகச் சொத்துபோல வைத்திருந்த குடும்பங்களுக்கு இது பேரிடி. அறிகுறிகள் எல்லாம் பொதுவெளியில் இருந்தன என்பதுதான் வேதனை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் உடனடிச் சீரமைப்பு நடவடிக்கைக்குள் (பிசிஏ) வந்தது. 2020 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 25 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, மூலதன விகிதம் 1.12 சதவீதம். 2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் ஏழு இயக்குநர்களின் நியமனத்தை ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பங்கை வாங்கியவர் விலையை மட்டும் பார்த்தார், அறிக்கையைத் திறக்கவில்லை.

வாங்கியே தீருவேன் என்பவர் வாராக்கடன் சதவீதத்தோடு நிற்கக் கூடாது. 90 நாள் தவணை தவறினால்தான் வாராக்கடன். 61 முதல் 90 நாள் வரை தவறியவை எஸ்எம்ஏ-2. அதையும், மறுசீரமைத்த கடன்களையும் சேர்த்துக் கூட்டினால் வரும் எண்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வகுக்கும் எண்ணையும் பாருங்கள். 2,000 கோடி கடனில் 100 கோடி வாராக்கடன் என்றால் 5 சதவீதம். ஒரே வருடத்தில் கடனை 3,000 கோடியாக ஊதிவிட்டால் அதுவே 3.3 சதவீதமாகத் தெரியும். புதுக் கடன் கெட்டுப்போக நாளாகும், அதுவரை கண்ணுக்கு அழகாக இருக்கும்.

ஆண்டறிக்கையின் கணக்குக் குறிப்புகளில் 'டைவர்ஜென்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. வங்கி காட்டிய வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி ஆய்வில் கண்டதற்கும் உள்ள வித்தியாசம் அது. 2016-17-க்கு யெஸ் வங்கி காட்டியது சுமார் 2,018 கோடி, ரிசர்வ் வங்கி கண்டது சுமார் 8,374 கோடி. முடக்கத்துக்கு இரண்டு வருடத்துக்கும் முன்பே இது வெளியானது. இப்படி ஒரு முறை வித்தியாசம் வந்த வங்கியின் புக் வேல்யூவை வைத்து 'சீப்' என்று சொல்வது அளவு தப்பிய படியில் நெல் அளப்பது போலத்தான்.

நெருக்கடிக் காலத்தில் விதிகளே எண்ணை மறைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணை ஒத்திவைப்பு. அது முடிந்ததும், புதிதாக வாராக்கடன் என அறிவிக்க உச்ச நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை, 2021 மார்ச் 23 வரை. இந்த இடைவெளியில் வங்கிகள் இரண்டு எண்களைக் கொடுத்தன. 2020 டிசம்பரில் ஹெச்டிஎஃப்சி வங்கியின் மொத்த வாராக்கடன் 0.81 சதவீதம், தடை இல்லாதிருந்தால் 1.38. அவ்வளவு திடமான வங்கியிலேயே இந்த வித்தியாசம் என்றால் மற்றவற்றில் எவ்வளவு என்று கேட்கத்தான் வேண்டும்.

அதே சமயம், சந்தேகப்படுபவர்களும் தப்புக் கணக்குப் போட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2020 ஜூலையில் ரிசர்வ் வங்கியின் நிதி நிலைத்தன்மை அறிக்கை, மொத்த வாராக்கடன் 8.5 சதவீதத்திலிருந்து 2021 மார்ச்சுக்குள் 12.5 ஆகலாம் என்று மதிப்பிட்டது. நடந்ததோ, சுமார் 7.5-க்கு இறங்கியது. அரசு உத்தரவாதக் கடன்களும், பெரிய வங்கிகள் முந்திக்கொண்டு திரட்டிய மூலதனமும் தாங்கிப் பிடித்தன. 2020 மார்ச் 24 அன்று 16,100 வரை சரிந்த பேங்க் நிஃப்டியை (வங்கிப் பங்குகளின் குறியீடு) அப்போது வாங்கியவர் நல்ல லாபம் பார்த்தார். ஆகவே மந்தநிலையில் வங்கிப் பங்கே வேண்டாம் என்பதல்ல. வாங்குவதானால் மூலதனம் கனமாக உள்ள பெரிய வங்கிகள், அல்லது மொத்தக் குறியீட்டு ஃபண்ட். விழுந்த வங்கியின் பங்கை விலைக்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

எஃப்டி

நாலில் இதற்குத்தான் என் முழு ஓட்டு, நிபந்தனையோடு. மேலே சொன்ன இரண்டு வங்கிகளிலும் டெபாசிட்காரருக்கு அசலில் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. யெஸ் வங்கியில் 50,000 ரூபாய் வரம்பு மார்ச் 18 வரை; லட்சுமி விலாஸில் 25,000 ரூபாய் வரம்பு பத்து நாள். ஆனால் இதைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் முதலில் எடுக்க விட்டது 1,000 ரூபாய்தான். 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மீதிப் பணம் பத்து வருடம் வரை தவணையில்.

டிஐசிஜிசி (ரிசர்வ் வங்கியின் டெபாசிட் காப்பீட்டு நிறுவனம்) காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம். பலர் தவறுவது இந்த 'வட்டியும் சேர்த்து' என்பதில்தான். சரியாக 5 லட்சம் போட்டால் வட்டி முழுக்க வெளியே நிற்கும். 7 சதவீதம், காலாண்டுக் கூட்டு வட்டி, முதிர்வில் மொத்தமாக வாங்கும் எஃப்டி என்றால், ஒரு வருடத்துக்கு 4.65 லட்சம், மூன்று வருடத்துக்கு 4.05 லட்சம், ஐந்து வருடத்துக்கு 3.5 லட்சம் என்று போடுங்கள். சேமிப்புக் கணக்கு இருப்பும் இதே வரம்புக்குள் வருவதால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, இருவர் பெயரிலும் கூட்டாக ஒன்று என்றால் மூன்றுக்கும் தனித்தனி 5 லட்சம். தனி உரிமையாளர் கடையின் கணக்கு அவருடைய சொந்தக் கணக்கோடு சேர்ந்துவிடும். அதே வங்கியில் கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் டெபாசிட்டுக்கும், நிதி நிறுவனங்களின் டெபாசிட்டுக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. அவை ஒரு சதவீதம் கூடக் கொடுப்பதைப் பார்த்து, காப்பீடு உள்ள எஃப்டியோடு ஒப்பிட வேண்டாம்.

2021 செப்டம்பர் முதல், முடக்கம் வந்தால் 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணம் தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த 90 நாளும் வீட்டுச் செலவு ஓட வேண்டும், வீட்டுக் கடன் ஈஎம்ஐ போக வேண்டும். முடங்கிய கணக்கிலிருந்து ஆட்டோ-டெபிட் திரும்பினால் அபராதம் கடன் வாங்கியவர் தலையில்தான் விழும், சிபில் புள்ளியும் இறங்கும். மூன்று மாதச் செலவை வேறொரு வங்கியின் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். ஈஎம்ஐ மேண்டேட்டை எஃப்டி இருக்கும் வங்கியில் வைக்காமல் அந்த இரண்டாவது கணக்குக்கு இப்போதே மாற்றிவிடுங்கள்.