தாப்பாவிலிருந்து சைக்கிளில்: கேமரன் மலையா, கெல்லி கோட்டையா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் விடியற்காலை சைக்கிள் எடுப்பவர்களுக்கு இரண்டு வழி.

பழைய மலைப்பாதையில் கேமரன் மலை ஊரான தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஊர் இருப்பது 1,400 மீட்டருக்கு மேல். நிழல் தாராளம், நடுவில் லாத்தா இஸ்கந்தார் அருவி. ஆனால் வளைவில் காய்கறி லாரி பின்னால் வந்தால் ஒதுங்க இடமில்லை. இறங்கும்போது பிரேக் பிடித்தே விரல் மரத்துப்போகும்.

மற்றது கம்பார், கோப்பெங் தாண்டி பத்து காஜா பக்கம். மேடு சின்னது, வெயில் பெரிது. ஆனால் கதை இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகைதான் கெல்லி கோட்டை; 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் அரைகுறையாக நின்றுவிட்டது. பக்கத்து மாரியம்மன் கோயிலை விட்டுவிடாதீர்கள். கூரையில் சாமிகளோடு துரையும் சிலையாக நிற்கிறார். (உழைத்தது நம் ஆட்கள், பெயர் மட்டும் துரைக்கு!) கால் தாங்கினால் பாபான் வரை போகலாம். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் செவிலியர் சிபில் கார்த்திகேசு, அவர்களை எதிர்த்த போராளிகளுக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்த கடைவீடு அங்கேதான்.

முதல் தடவை என்றால் கோட்டைப் பக்கமே போங்கள். கேமரனுக்கு வார நாள்தான் சரி; பள்ளி விடுமுறையில் வேண்டவே வேண்டாம்.