பழைய லெப்டொப்பில் லினக்ஸ் மின்ட்: ஹட்டன் கடையில் நாலு மாதம் ஓட்டிப் பார்த்த கதை

இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் எனக்கு ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடை. போட்டோகொப்பி, பயோடேட்டா, தோட்டத்து ஆட்களுக்கு ஈ.பி.எஃப். படிவம் நிரப்பிக் கொடுப்பது, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடத்துத் தவணைப் பரீட்சை வினாத்தாள், இதுதான் பிழைப்பு. இதையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது ஒரு பழைய லெப்டொப். 3ஆம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், யாரோ பாவித்துத் தள்ளியதை நான் வாங்கியது. விண்டோஸ் 10இல் காலையில் பட்டனை அமுக்கிவிட்டுப் பக்கத்துக் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தால்தான் திரை தெளியும். அந்த அளவு.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 11க்குப் போகலாம் என்றால் இன்டெல் 8ஆம் தலைமுறை வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்று வாசலிலேயே அடையாள அட்டை கேட்கிறது. என்னுடையதில் இரண்டும் இல்லை. புதிதாக ஒன்று வாங்க ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது என்றார்கள். அதற்கு எத்தனை போட்டோகொப்பி அடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியிலேயே விட்டுவிட்டேன்.

அப்படித்தான் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்டுக்கு வந்தேன். நான் போட்டது 22.2, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்டில் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று டெஸ்க்டொப் (திரையின் தோற்றமும் மெனுவும்) உண்டு, பழைய மெஷினுக்கு மூன்றாவதுதான் சரி. அடியில் ஓடுவது உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ், அதனால் 2029 வரை அப்டேட் வரும். இலவசம். நான் செலவழித்தது ஒரு எஸ்.எஸ்.டி.க்கு மட்டும்தான், அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் போட்டேன், பறக்கிறது என்று சொல்கிறவர்களின் புகழ்ச்சியில் பாதி, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டியதற்குச் சேர வேண்டியது. என் கதையிலும் அப்படித்தான். ஆனால் மீதிப் பாதியும் சின்னது இல்லை: எழும்பி வந்ததும் ராமில் பிடிப்பது 800 எம்பி அளவுதான், விண்டோஸில் அந்த நேரத்துக்கே 2 ஜிபிக்கு மேல் போயிருக்கும்.

டவுன்லோட் பண்ணுவதே மலையில் ஒரு வேலை. கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. பகல் டேட்டாவில் கட்டுப்படியாகாது, நைட் டேட்டாவில் போனை ஹொட்ஸ்பொட் போட்டு, ஜன்னல் ஓரம் சிக்னல் பிடிக்கும் அந்த ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். மூடுபனியோ மழையோ, இரண்டு தடவை அறுந்து தொடர்ந்திருக்கிறது. காலையில் பார்த்தால் முழுசாக வந்தது மாதிரித்தான் இருந்தது, அளவும் ஏறத்தாழ சரி. ஆனால் மின்டின் தளத்திலேயே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ256 என்று 64 எழுத்தில் ஒரு கைரேகை கொடுத்திருப்பார்கள், இறங்கிய கோப்பின் கைரேகையை எடுத்து அதோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டேன், ஒட்டவில்லை. மறுபடி ஒரு ராத்திரி. எரிச்சல்தான், ஆனால் அதைப் பார்க்காமல் பென்ட்ரைவில் ஏற்றி, பாதி இன்ஸ்டாலில் சிக்கியிருந்தால் லினக்ஸையல்லவா திட்டியிருப்பேன். தயவுசெய்து இந்த ஒரு வேலையைத் தாண்டிப் போகாதீர்கள்.

பென்ட்ரைவுக்கு வென்டொய் போட்டேன். அதை ஒரு தடவை ஏற்றிவிட்டால் பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை (டவுன்லோட் பண்ணிய அந்த நிறுவல் கோப்பு) சும்மா கொப்பி பண்ணிப் போட்டால் போதும், எதிலிருந்து எழும்ப வேண்டும் என்று அதுவே பட்டியல் காட்டும். பென்ட்ரைவிலிருந்தே மின்டை முழுசாக ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படித்தான் ஓட்டினேன். வைஃபை வரவில்லை. சிப்புக்கான டிரைவரைத் தனியாகப் போட வேண்டும், டிரைவர் போட இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும். போனை யூஎஸ்பி வயரில் குத்தி டெதரிங் போட்டதும் அந்த முடிச்சு அவிழ்ந்தது. டிரைவர் மேனேஜர் என்று ஒன்று மெனுவிலேயே இருக்கிறது, கறுப்புத் திரையில் ஒன்றும் தட்ட வேண்டியதில்லை.

சரி, இனி உண்மையான பரீட்சை: பாமினி.

இலங்கையில் டைப்செட்டிங் வேலை பார்க்கிற எவருக்கும் இது புரியும். என் கடையில் பத்து வருஷத்துக் கோப்பு முழுக்கப் பாமினி. வினாத்தாள் கொண்டு வரும் சேர்மாரின் பென்ட்ரைவிலும் பாமினிதான். பாமினி எழுத்துரு, எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் முறை இல்லை, ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறியாக நிற்கும். மின்டில் எழுத்துருக் கோப்பை இரண்டு தடவை க்ளிக் பண்ணி இன்ஸ்டால் கொடுத்தேன், வேர்டுக்குப் பதிலாக மின்டில் இருக்கிற லிப்ரே ஒபிஸ் திறந்தேன், பழைய வினாத்தாள் அப்படியே வந்தது. அப்பாடா என்று இருந்தது.

அப்புறம்தான் துமிழ் வந்தது. புதிதாக ஒரு பத்தி அடித்தேன், முதல் சொல் 'தமிழ்'. அடித்து ஸ்பேஸ் தட்டியதும் 'துமிழ்' ஆகிவிட்டது. திருத்தினேன், அடுத்த வாக்கியத்தில் 'மலை' 'முலை' ஆனது! கடையில் அந்த நேரம் ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார், நல்லவேளை அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் வேறொன்றும் இல்லை. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வேலையை லிப்ரே ஒபிஸ் செய்கிறது. அதற்கு இது ஆங்கிலம். பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. வேர்டிலும் இதே தொல்லை உண்டு, ஆனால் அங்கே பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ நிறுத்தி வைத்ததை நாங்கள் மறந்துவிட்டோம். டூல்ஸ் மெனுவில் ஓட்டோகரெக்ட் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், இரண்டு பெரிய எழுத்தைத் திருத்துகிற டிக்கையும் சேர்த்து. ஸ்பெல்செக்கையும் நிறுத்தாவிட்டால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு, குங்குமம் கொட்டின மாதிரி.

யூனிகோட் அடிக்க, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் எம்17என் விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் 99, ஃபொனெடிக் எல்லாம் வருகிறது, கூடவே ரெங்கநாதன் விசைப்பலகையும். இலங்கைக்காரர் நமக்கு அதுதான் விஷயம். ஏ 'ய', எஃப் 'க', ஜே 'த' என்று பாமினியில் பழகிய விரல் அதே இடத்தில் போய் விழுகிறது. பழைய கோப்பை மாற்ற இணையத்தில் பொங்குதமிழ் மாதிரி மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் கொம்பு வருகிற சொற்களை மட்டும் ஒரு கண் பாருங்கள். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், யூனிகோட்டில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும், மாற்றி அதை இடம் மாற்றித்தான் வைக்க வேண்டும்.

தமிழில் குறை ஒன்று சொல்லியாக வேண்டும். மெனுவைத் தமிழுக்கு மாற்றினேன், பாதி தமிழ் பாதி ஆங்கிலம் என்று நின்றது, இரண்டு நாளில் ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டேன். கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையான டெர்மினலில் தமிழ்ப் பெயர் வைத்த கோப்பைப் பார்த்தால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறிக் கிடக்கின்றன. கோப்பு கெடவில்லை, காட்டுவதுதான் அப்படி.

டெஸ்க்டொப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் ராத்திரி ராத்திரியாக நான் நேரத்தைத் தொலைத்தது அங்கேதான். எக்ஸ்எஃப்சிஇ 1996இல் தொடங்கியது, சின்னம் ஒரு எலி. பார்க்கப் பழைய விண்டோஸ் மாதிரி இருக்கும்: கீழே பட்டை, இடது மூலையில் விஸ்கர் மெனு. என் அம்மாவிடம் கொடுத்தால்கூட எங்கே அமுக்குவது என்று கண்டுபிடித்துவிடுவார். ஜன்னல் நிழல், மங்கல் எல்லாம் போடும் கம்பொசிட்டரை நிறுத்திவிட்டால் பழைய மெஷினில் ஒரு சுறுசுறுப்பு தெரிகிறது.

பட்டையில் ஜென்மொன் என்று ஒரு பிளகின் இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். நீங்கள் எழுதிக் கொடுக்கிற எந்தச் சின்னக் கட்டளையையும் இத்தனை நொடிக்கு ஒரு தடவை ஓட்டி, வருகிற விடையைப் பட்டையில் காட்டும். எங்கள் கடையில் பகலில் லைட் போடுவதில்லை. கரண்ட் போனதே தெரியாமல் டைப் பண்ணிக்கொண்டிருப்போம், பழைய பெட்டரி இருபது நிமிஷத்தில் கையை விரிக்கும், சேவ் பண்ணாத வினாத்தாள் போய்விடும். சார்ஜர் மாட்டி மின்சாரம் வருகிறதா என்பதை லினக்ஸ் ஒரு கோப்பில் 1 அல்லது 0 என்று எழுதி வைக்கிறது. அதைப் படித்து, 1 என்றால் 'கரண்ட் இருக்கு', 0 என்றால் 'சேவ் பண்ணு' என்று காட்டச் சொல்லி நாலு வரி எழுதினேன். ஐந்து நொடிக்கு ஒருமுறை பார்த்துச் சொல்கிறது. நாலு மாதத்தில் ஒரு வினாத்தாளும் போகவில்லை. விண்டோஸிலும் பெட்டரிச் சின்னம் மாறத்தான் செய்யும், ஆனால் அந்தச் சின்னத்தை யார் பார்த்தார்கள்?

வேலைக்கு ஆகாத விளையாட்டும் ஒன்று சொல்கிறேன். லினக்ஸில் கோப்புப் பட்டியல் பார்க்கும் கட்டளை எல்எஸ். அவசரத்தில் எஸ்எல் என்று மாற்றித் தட்டுகிறவர்களைக் கேலி பண்ண ஜப்பானில் தொயோதா மசாஷி 1993இல் ஒரு நிரல் எழுதி வைத்தார்: எஸ்எல் என்று தட்டினால் எழுத்துக்களால் ஆன நீராவி எஞ்சின் ஒன்று புகை விட்டுக்கொண்டு திரையின் குறுக்கே போகும். ஜப்பானில் நீராவி எஞ்சினை எஸ்எல் என்றுதான் சுருக்கிச் சொல்வார்கள். அது போய் முடியும்வரை கன்ட்ரோல் சி அமுக்கினாலும் நிற்காது. கடைப் பையன் இதைக் கண்டுபிடித்ததிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஓட்டிக் காட்டுகிறான். பென்ஷன் படிவம் நிரப்ப வந்த ஒரு பாட்டி பார்த்துவிட்டு, "என்னாப்பா, கோச்சி பொகை விட்டுக்கிட்டுப் போகுது, சிங்கமலைக்குள்ள போகுமா?" என்று கேட்டார். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சுரங்கத்தை அவர் கரி எஞ்சின் காலத்தில் கடந்திருக்கிறார். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

இனி, கெட்ட செய்தி. என் லேசர் பிரிண்டர் ஓடவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம். எத்தனையோ பிரிண்டர் மின்டில் குத்தியதும் தானாகவே பேசுகிறது, கடையிலிருக்கிற இங்க் பிரிண்டர் அப்படித்தான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் லேசருக்காக மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். ஒரு பக்கம் வரும், இரண்டாவது பக்கத்தில் நிற்கும், அணைத்துப் போட்டால் மறுபடி ஒரு பக்கம். வினாத்தாள் அடிக்கிற கடையில் ஒரு பக்கப் பிரிண்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசியில் பழைய மேசைக் கம்ப்யூட்டர் ஒன்றை விண்டோஸ் 10உடனேயே, இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவிட்டேன். பிடிஎஃப் ஆக்கிப் பென்ட்ரைவில் கொண்டு போய் அடிக்கிறேன். தோல்விதான், மறைக்க ஒன்றுமில்லை.

வேர்டில் செய்த வினாத்தாளில் கட்டங்கள், படத்துக்குப் பக்கத்தில் எழுத்து என்று இருந்தால் லிப்ரே ஒபிஸில் கொஞ்சம் நகர்கிறது. கணித வினாத்தாள் என்றால் முதலிலேயே பிடிஎஃப் ஆகவும் கொண்டு வரச் சொல்லிவிடுகிறேன்.

டைம்ஷிஃப்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. சிஸ்டத்தைப் படம் பிடித்து வைத்து, அப்டேட்டில் ஏதாவது கெட்டால் நேற்றைய நிலைக்குத் திருப்பும் அருமையான சாமான் அது, நிறுவிய அன்றே போட்டுவிடுங்கள். ஆனால் சும்மா விட்டால் அது உங்கள் சொந்தக் கோப்புகளைச் சேர்த்து வைக்காது. டைம்ஷிஃப்ட் இருக்கிறது என்று நம்பி வாடிக்கையாளர் கோப்பை வேறெங்கும் வைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஆக, பிரவுசர், டைப்பிங், ஈமெயில், வாட்ஸ்அப் வெப், பிள்ளைகளின் சூம் வகுப்பு என்று பாவிக்கிறவர் கையில் 4 ஜிபி பழைய மெஷின் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஃபோட்டோஷொப்பில் கல்யாண அல்பம் செய்கிறவர் இந்தப் பக்கம் வர வேண்டாம். மற்றபடி எல்லாம் உங்கள் பிரிண்டரைப் பொறுத்தது.

வினாத்தாள் கொண்டு வருகிற சேர் ஒருவர், என்னுடையதைப் பார்த்துவிட்டுத் தன் லெப்டொப்பிலும் போட்டுத் தரச் சொன்னார். அவர் வீட்டிலிருப்பதும் என்னிடமிருக்கிற அதே லேசர் மொடல். "சேர், முதலில் பென்ட்ரைவிலிருந்து ஓட்டி, பிரிண்டரைக் குத்தி, ரெண்டு பக்கம் அடித்துப் பாருங்கள், ரெண்டாவது பக்கம் வந்தால் கூப்பிடுங்கள்" என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். மூன்று வாரமாகிறது. சேரும் கூப்பிடவில்லை, பென்ட்ரைவும் திரும்பி வரவில்லை.