பன்றிச் சிறுநீரகமா, உடன்பிறப்பின் சிறுநீரகமா?

சுங்கை சிப்புட் தோட்டங்களிலிருந்து வாரம் மூன்று தடவை, நான்கு மணி நேர டயாலிசிஸுக்குப் போகிறவர்களிடம் இப்போது பன்றிச் சிறுநீரகப் பேச்சு அடிபடுகிறது.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு நோயாளிக்குப் பொருத்திய பன்றிச் சிறுநீரகத்தில் 69 மரபணு மாற்றங்கள்: நம் உடல் உடனே தாக்கும் சர்க்கரை மூலக்கூறுகளை உருவாக்கும் 3 மரபணுக்களை நீக்கி, மனித மரபணுக்கள் 7 சேர்த்து, பன்றியின் மரபணுவில் பதுங்கிய வைரஸ்களை 59 இடங்களில் முடக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் பொருத்திய வேறொன்றை 130 நாளில் எடுத்துவிட்டார்கள். தொற்றுக்காக எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்தைக் குறைத்ததும் உடல் அதைத் தாக்கத் தொடங்கியது.

அண்ணன், தங்கை தருவது பொருந்தினால் 15 முதல் 20 ஆண்டு உழைக்கும். இனிப்புநீர் உள்ளவரிடம் பொதுவாக எடுக்கமாட்டார்கள். நம் குடும்பங்கள் பல அங்கேதான் தவிக்கின்றன. உடல் புதுச் சிறுநீரகத்தைத் தாக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை வேளை தவறாமல் விழுங்க வேண்டும். தம்பூன் பம்ளிமாஸ் வேண்டவே வேண்டாம்: இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி, புதுச் சிறுநீரகத்தையே கெடுக்கும். இன்றைக்கு, பொருத்தமான உடன்பிறப்பு இருந்தால் பன்றிக்காகக் காத்திருக்காதீர்கள்.