அம்மாவுக்கு ஹோம் கேர் ஏஜென்சி மூலமா ஆள் வச்ச 7 மாசம் - என் அனுபவம்

அம்மாவுக்கு 81 வயசு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆச்சு, டிஸ்சார்ஜ் அன்னைக்கு டாக்டர் "வீட்டுல ஒரு ஆள் போட்டுக்கங்கம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பேஷண்ட பாக்க போயிட்டாரு. என்ன மாதிரி ஆளு, எத்தனை மணி நேரம், மாசம் எவ்ளோ ஆகும் ஒண்ணுமே தெரியாம ஆஸ்பத்திரி வராண்டால நின்னுக்கிட்டே திருச்சில ஒரு ஏஜென்சிக்கு போன் அடிச்சு ஆள் கேட்டேன். அந்த அவசரம் தான் நான் பண்ண முதல் தப்பு. ஏஜென்சி பேரு இங்க வேணாம், எனக்கு நடந்தது எந்த ஏஜென்சிலயும் நடக்கலாம்.

24 மணி நேர ஆளுக்கு மாசம் 27,000, பதிவுக் கட்டணம் 3,000, அது திரும்ப கிடைக்காது, சாப்பாடு நம்ம பொறுப்பு. போன்ல எல்லாரையும் "சிஸ்டர்"னு தான் சொல்றாங்க, அதனால நர்ஸ் வராங்கன்னு நாங்க நெனச்சிட்டோம். வந்தது அட்டெண்டர். குளிப்பாட்டுறது, டயாப்பர் மாத்துறது, ஊட்டி விடுறது, வாக்கர் பிடிச்சு நடக்க வைக்கிறது, இதெல்லாம் அட்டெண்டர் வேலை. ஊசி, மூக்கு வழியா ட்யூப்ல சாப்பாடு, கத்தீட்டர் (யூரின் போக வைக்கிற ட்யூப்), புண்ணுக்கு டிரஸ்ஸிங் இதுக்கெல்லாம் ஏஎன்எம் அல்லது ஜிஎன்எம்ங்கிற நர்சிங் படிப்பு படிச்ச நர்ஸ் வேணும், அவங்க ரேட்டு கிட்டத்தட்ட டபுள். எங்க அம்மாவுக்கு அட்டெண்டரே போதும், ஆனா அது எங்க அதிர்ஷ்டம், விசாரிச்சு எடுத்த முடிவு இல்ல. டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே வார்டு நர்ஸ்கிட்ட "வீட்டுல தினமும் என்னென்ன செய்யணும்"னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிட்டு அப்புறமா ஏஜென்சிக்கு போன் பண்ணுங்க.

முதல் மாசத்துல மட்டும் 3 பேரு மாறினாங்க. ரெண்டாவதா வந்த பொண்ணு நல்ல பொண்ணு தான், ஆனா படுக்கைல இருக்கிறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும்னு அதுக்கு யாருமே சொல்லிக் குடுக்கல. பத்தாவது நாள் அம்மா முதுகுக்குக் கீழ தோலு செவந்து போயிருந்தத நான் தான் பாத்தேன், விட்டிருந்தா படுக்கைப் புண் ஆயிருக்கும். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல.

நாலாவதா புதுக்கோட்டை பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. தினம் கிழிக்கிற காலண்டர் தாளோட பின்பக்கத்துல அம்மாவ திருப்பின நேரம், யூரின் போன நேரம், எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சாங்க எல்லாத்தையும் பென்சில்ல எழுதி வைப்பாங்க. அந்த தாள் கட்ட ரெவ்யூக்கு போனப்ப டாக்டர்கிட்ட காமிச்சேன், அவரே ஆச்சரியப்பட்டாரு. நாங்க கட்டுற 27,000ல அந்த அக்கா கைக்கு 16,000 தான் போகுதுன்னு அப்புறமா தெரிஞ்சப்ப மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. அவங்க ஊருக்கு போற ரெண்டு நாளைக்கு மாத்து ஆள் அனுப்புறேன்னு ஏஜென்சில சொல்லுவாங்க, ஒரு தடவ கூட வரல. சேரும்போதே இத எழுத்துல வாங்கிக்கங்க.

இப்ப பணத்துக்கு வரேன், எல்லாரும் என்கிட்ட கேக்கறது இது தான். ஆபரேஷன் செலவுல பெரும்பகுதி இன்சூரன்ஸ்ல போச்சு, ஆனா வீட்டுல வைக்கிற அட்டெண்டருக்கு எங்க பாலிசில ஒத்த ரூபா கிடையாது. 70 வயசு ஆனவங்களுக்கு வருமானம் பாக்காம 5 லட்சம்னு மத்திய அரசு 2024 அக்டோபர்ல ஆரம்பிச்ச ஆயுஷ்மான் காப்பீடும் ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா தான், வீட்டு ஆளுக்கு இல்ல. அதனால மாசச் செலவுக்கு வேற வழி தான் பாக்கணும்.

எங்களுக்கு கை குடுத்தது ரெண்டு விஷயம். அப்பா அரசு பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவரு, அவரு தவறின பிறகு அம்மாவுக்கு குடும்ப ஓய்வூதியம் வருது. 80 முடிஞ்சா அடிப்படை ஓய்வூதியத்துல 20 சதவீதம் கூடுதலா உண்டு, அம்மாவுக்கு அது சேரவே இல்ல, ஏன்னா ஓய்வூதிய புத்தகத்துல அம்மாவோட பிறந்த தேதியே ஏறல, நாங்களும் கவனிக்கல. வயசு சான்றோட கருவூலத்துல மனு குடுத்த பிறகு வந்துச்சு, அம்மாவோட 15,000 அடிப்படைக்கு 3,000, அதுக்கு மேல அகவிலைப்படி. உங்க வீட்டுல 80 தாண்டின ஓய்வூதியர் இருந்தா இன்னைக்கே புத்தகத்த எடுத்துப் பாருங்க. ரெண்டாவது, அப்பாவோட சேமிப்பு சேவிங்ஸ் அக்கவுண்ட்ல சும்மா கிடந்துச்சு, அதுல 15 லட்சத்த போஸ்ட் ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல அம்மா பேர்ல போட்டோம். நாங்க போட்டப்ப வட்டி 8.2 சதவீதம், 3 மாசத்துக்கு ஒருக்கா 30,750 வருது, அதாவது மாசம் 10,250. 60 வயசு ஆனவங்க ஒருத்தர் 30 லட்சம் வரைக்கும் போடலாம்.

அப்புறம் காசே இல்லாம கிடைச்ச உதவி தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சோம், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, பிசியோதெரபி தம்பியும் வீட்டுக்கு வந்து பயிற்சி குடுத்தாரு. அம்மா வாக்கர் இல்லாம வாசல் திண்ணை வரைக்கும் நடந்தது அந்த தம்பியால தான். இத முதல் மாசமே கேட்டிருக்கணும்.

நர்சிங் வசதியோட இருக்கிற முதியோர் இல்லம் ஒண்ணையும் போய்ப் பாத்தோம், மாசம் 35,000, டெபாசிட் தனி, எடமும் சுத்தமா தான் இருந்துச்சு, ஆனா அம்மா "என் வீட்டுலயே இருக்கேன்டி"ன்னு ஒரே பேச்சா சொல்லிட்டாங்க.

ஏஜென்சிக்கு 5க்கு 2 ஸ்டார் தான் குடுப்பேன். அந்த ரெண்டும் அந்த அக்காவுக்கு. இப்ப பகலுக்கு மட்டும் 12 மணி நேர ஆள், ராத்திரி நானும் என் கூடப்பிறந்த தம்பியும் மாறி மாறி பாத்துக்கறோம். காலண்டர் தாள்ல எழுதறத மட்டும் நிறுத்தல.